தூதுபிகாவின் இரண்டாவது முடிச்சு

வயிற்று வலி என்று வந்தவனிடம் தூதுபிகா முதலில் காலைத்தான் காட்டச் சொல்வார். வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். இவர் அவனுடைய பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பெருவிரலிலிருந்து குதிகால்வரை விரலால் அளந்து பார்ப்பார்.

"பெருவிரல் பக்கமாவே அழுத்தி நடக்கறே. அதான் வார் அங்கயே அறுந்துபோகுது."

"மாமா, வயிறு..."

"வயிறு எங்க ஓடிடப் போகுது? இரு."

பழைய லாரி டயரை அறுத்து, அதன்மேல் தோல் வார் பின்னிச் செருப்புத் தைப்பது அவர் தொழில். நெருப்பின் முன்னால் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவதும், நோய் பிடித்த இடத்தில் வாய் வைத்து உறிஞ்சி, நோயை எடுத்துத் துப்புவதும் அவருக்கு வாய்த்த வரம். இப்படிப் பாடுகிறவரை அந்த மலையில் வாழும் விராரிகா ஜனங்கள் மராகாமே என்பார்கள். இரண்டு வேலைக்கும் அவரிடம் இருப்பது ஒரே மூங்கில் நாற்காலி. பாடி முடித்து எழுந்தால் வேட்டியில்லாத அந்த ஊரில் கால்சட்டையில் ஆணி குத்தியிருக்கும். "எந்தச் சாமி குத்துச்சோ" என்று தடவிக்கொண்டே போவார்.

வட்டத் தொப்பி, அதன் விளிம்பில் கழுகு இறகு, இரண்டு அணில் வால். ஆள் குள்ளம். சிரிப்பு மட்டும் ஆறடி. பாட்டுத் தொடங்குமுன் காரணமே இல்லாமல் ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். நெருப்பை எல்லாரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் மற்றவர்கள் தாத்தாவிடம் பயபக்தியோடு முணுமுணுப்பார்கள். இவர் கத்துவார். "தாத்தோவ்! கேக்குதா? பன்னெண்டு பேர் வந்திருக்கோம்! பன்னெண்டு!" ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்டால், "உலகம் உண்டான நாள்லேர்ந்து சடசடன்னு எரிஞ்சுக்கிட்டிருக்காரு. அந்தச் சத்தத்துல அவருக்குக் காது எங்க கேக்கும்?" என்பார்.

முதன்முதலாக ஹிக்குரி என்ற கள்ளியைத் தின்று காட்சி கண்ட கதையை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். "எல்லாரும் மானைப் பாத்தாங்க, மழைத்தாயப் பாத்தாங்க. நான் செருப்பைத்தான் பாத்தேன். வானம் பூரா செருப்பு! நீலம், மஞ்சள், சிவப்பு. ஜோடி ஜோடியா நடந்து வந்து, 'எங்களுக்குக் காலு குடு, காலு குடு'ன்னு அழுவுது. நானும் அழுதேன். விடிஞ்சதும் பாத்தா, எனக்குப் பாட்டு வந்திருந்துச்சு." இதைச் சொல்லும்போது கண் கலங்கிவிடும். கேட்கிறவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முழிப்பான். அவரே ஒரு முழங்கை இடி இடித்து, "சிரிப்பா, சிரிக்கத்தான் சொன்னேன்" என்பார்.

யாருக்கு எவ்வளவு ஹிக்குரி என்பதையும் செருப்பைப் பார்த்தே முடிவு செய்வார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் நாலு வில்லை. ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் இரண்டு. செருப்பே புதுசு என்றால் அரை வில்லை கொடுத்து, "போய் நடந்துட்டு வா" என்று அனுப்பிவிடுவார். இதுவரை யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் மனைவி இதீமா. பாசிமணி கோப்பதில் அவளை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. பேச்சிலும் அப்படித்தான். கணவரைவிட அரை முழம் உயரம், மூன்று மடங்கு வாய்.

இனி முடிச்சுக்கு வருவோம்.

வருஷத்துக்கொரு தடவை, மழைக்கு முன்பு, ஹிக்குரி எடுக்க விரிகுத்தா பாலைவனத்துக்குப் புறப்படுவார்கள். ஹிக்குரி என்றால் முள்ளில்லாத குட்டிக் கள்ளி. தரையோடு தரையாக, மண் நிறத்தில் பதுங்கிக் கிடக்கும். அதுதான் அவர்கள் கும்பிடும் மான் அண்ணன். அண்ணனின் குளம்பு பட்ட இடத்தில்தான் அது முளைக்கும், முதல் ஹிக்குரியை அம்பு போட்டு வேட்டையாடித்தான் எடுக்க வேண்டும். வேட்டைக்குப் போகிறவர்களின் மனசு அன்றைக்குப் பிறந்த குழந்தையின் மனசுபோல் இருக்க வேண்டும். ஆகவே கிளம்புமுன் ஒவ்வொருவராக நெருப்புத் தாத்தா முன்னால் வந்து நின்று, விவரம் தெரிந்த நாளிலிருந்து யார் யாரோடு படுத்தோம் என்று பெயர் பெயராகச் சொல்ல வேண்டும். கட்டியவன், கட்டியவள், சோளக்காட்டில் ஒரு நாள், திருவிழாவில் ஒரு நாள், எல்லாமே. ஒவ்வொரு பெயருக்கும் மராகாமே கற்றாழை நாரில் ஒரு முடிச்சுப் போடுவார். கடைசியில் நார் தீக்குள் போய்விடும். அந்த நிமிஷத்திலிருந்து ஊர் திரும்பும்வரை விரதம்; குளிக்கக் கூடாது, புருஷன் பெண்டாட்டி ஒன்றாகப் படுக்கக் கூடாது.

கேட்டுக்கொண்டிருக்கும் புருஷனோ பெண்டாட்டியோ முகம் சுளிக்கக் கூடாது. சிரிக்கலாம். சிரிக்கத்தான் வேண்டும். ஒரு பெயரை மறைத்தாலும் ஹிக்குரி மறைந்துகொள்ளும். அதையும் மீறி எங்கேயோ கண்டெடுத்துத் தின்றால் கண்ணுக்குத் தேளாகத் தெரியும், புத்தி பேதலிக்கும். மறைத்தவருக்கு மட்டுமல்ல, கூட வந்த அத்தனை பேருக்கும்.

இதீமாவின் பெயர்கள் ஏழு. சந்தையில் விலை சொல்கிற மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணீரென்று சொல்வாள். முடிச்சுப் போடுகிறவர் புருஷன்தான். "அந்த மூணாவது ஆளு பேரை முழுசாச் சொல்லு புள்ள. அந்த ஊர்ல அதே பேர்ல ரெண்டு பேரு இருக்கான்" என்று நடுவில் திருத்துவார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் அவர் முறை வரும். "இதீமா" என்பார். ஒரு முடிச்சு. முடிந்தது.

"அவ்ளோதானா மாமா?"

"அவ்ளோதான்."

"பரவாயில்ல விடுங்க. வயசு இருக்கு."

கோயிலுக்காகப் பாடும் பொறுப்பு ஐந்து வருஷத்துக்கு ஒருவர் தலையில். தூதுபிகா நாலு வருஷம் இந்த ஆறுதலை வாங்கிக் கட்டிக்கொண்டார். அறுபத்து நாலு வயது மனிதரைப் பார்த்து ஊரே வயசு இருக்கிறது, வயசு இருக்கிறது என்று தேற்றினால் மனசு எப்படி இருக்கும்?

இது ஐந்தாவது வருஷம், கடைசி வருஷம். அன்று பிற்பகல் பன்னிரண்டு பேரும் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கத்தரீனோ எழுந்தான். ஆள் மலைபோல் இருப்பான். ஊரில் கோவேறு கழுதைகள் வைத்திருக்கிறான், கழுதைகளோடு ஊர் ஊராகப் போகிறவன். போகிற ஊரிலெல்லாம் ஒரு பெயர். பத்தொன்பது! பாதியில் நார் தீர்ந்துபோய், ஒருத்தி ஓடிப்போய்ப் புது நார் கிழித்துக்கொண்டு வந்தாள். அவன் பெண்டாட்டி சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"அடுத்தது மாமாதான்" என்றான் கத்தரீனோ, வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "மாமாவுக்கு எதுக்கு நாரு? ஒரு நூலு போதும்."

ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருவர் காபிக்குத் தண்ணீர் வைக்க எழுந்தே விட்டார். அந்தக் கொட்டாவிதான் தூதுபிகாவை என்னவோ செய்துவிட்டது. நாரை உயர்த்திப் பிடித்தார்.

"ரெண்டு" என்றார்.

எழுந்தவர் உட்கார்ந்தார்.

"ரெண்டா?"

"இதீமா ஒண்ணு. அப்புறம்..." அவர் கண் தீயைப் பார்க்கவில்லை, பக்கத்தில் கிடந்த ஆரஞ்சுத் தோலைப் பார்த்தது. "ரொசெந்தா. சகாதெகாஸ் பஸ் நிலையத்துல ஆரஞ்சு விக்கிறவ. பச்சைப் பாவாடை. இந்தப் பக்கம் ஒரு தங்கப் பல்லு."

அடேயப்பா! அப்படி ஒரு ஆரவாரத்தை அந்த மலை கேட்டதில்லை. தொப்பிகள் மேலே பறந்தன. கத்தரீனோ அவரை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது இதீமாதான்.

"கமுக்கமா இருந்துட்டு என்ன வேலை பாத்திருக்கான் பாரேன்! எத்தன நாளாய்யா?"

"அது... ஒரு ஆறு மாசம் இருக்கும்."

"ஆறு மாசமா! வீட்டுல ஒரு தடவகூட வாயத் திறக்கலியே!"

உண்மையில் தூதுபிகா அந்தப் பெண்ணிடம் வாங்கியது ஆறு ஆரஞ்சு. போகிற போக்கில் அவள் பாதத்தைக் கண்ணாலேயே அளந்து, அகலப் பாதம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டதும் உண்டு. வேறொன்றும் கிடையாது, சத்தியமாகக் கிடையாது. பெயர்கூட அப்போதைக்கு வாயில் வந்தது. நார் தீயில் விழுந்தது, பொசுங்கிப் போயிற்று.

மறைத்த பெயரைப் பற்றித்தான் எல்லாருக்கும் தெரியும். இல்லாத பெயருக்கு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படி ஒரு காரியத்தை யார் செய்தார்கள், சொல்வதற்கு?

மறுநாள் காலை லாரி கிளம்பியது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இதீமா அவருக்குச் சன்னலோரம் விட்டுக்கொடுத்தாள். கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில் இது முதல் தடவை. வழியெல்லாம் அவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள், புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

"நல்லா சமைப்பாளா?"

"யாரு?"

"யாருவா! ரொசெந்தாதான்."

"ம்... சுமாரா."

"என்னவிடவா?"

"உன்னவிட இல்ல புள்ள."

"அது தெரியும். சிரிச்ச முகமா?"

தங்கப் பல் இருக்கிறவள் சிரிக்காமல் இருப்பாளா என்று யோசித்து, ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு பொய்க்குச் சோறு, துணி, குணம் எல்லாம் கொடுத்து வளர்க்க வேண்டியிருக்கிறதே என்று அலுப்பாக இருந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சன்னலோரம் காற்று நன்றாகத்தான் வந்தது. பின்னாலிருந்து கத்தரீனோ, "மாமா, தண்ணி வேணுமா? போர்வை வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இளந்தாரிகள் அவரிடம் சந்தேகம் கேட்டார்கள். தூதுபிகாவுக்கு அது பிடித்திருந்தது.

சகாதெகாஸில் டயருக்குக் காற்றுப் பிடிக்க லாரி நின்றது. ஓட்டுநர் நாச்சோ வெளியூர்க்காரர். விரதம், முடிச்சு எதுவும் அவருக்குக் கிடையாது. "அரை மணி நேரம். கழுவிக்கறவங்க கழுவிக்கலாம்" என்றார். தூதுபிகா கண்ணை மூடித் திறப்பதற்குள் இதீமாவைக் காணோம்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள், மடி நிறைய ஆரஞ்சு.

"பாத்துட்டேன்" என்றாள்.

தூதுபிகா தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார். "யார?"

"உன் ஆளத்தான். பச்சைப் பாவாடை, தங்கப் பல்லு. நீ சொன்ன பக்கம்தான். நல்லவளாத்தான் தெரியறா. ஆனா உன்ன ஞாபகமே இல்லையாம்! நானும் விட்டேனா, குள்ளமா இருப்பான், தொப்பில அணில் வாலு இருக்கும், சிரிச்சா நாலு தெருவுக்குக் கேக்கும்னு எல்லாம் சொல்லிப் பாத்தேன். முழிக்கிறா. அப்புறம் இன்னொண்ணு. பேரு ரொசெந்தா இல்லையாம், எல்வீராவாம். உன்கிட்ட பொய்ப் பேரு சொல்லிருக்கா. கெட்டிக்காரி."

லாரி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். இதீமா ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளையை அவர் வாயில் வைத்தாள். "வருத்தப்படாத. அவளுக்குத்தான் குடுத்து வைக்கல" என்றாள். தூதுபிகா அதைக் கொட்டையோடு விழுங்கினார்.

மூன்றாம் நாள் காலை விரிகுத்தா. அடிவானம்வரை புதர், கல், கள்ளி. வழக்கமாக இறங்கி நூறு அடி நடப்பதற்குள் தூதுபிகா கை தூக்கிவிடுவார், "அண்ணன் கால்தடம்!" என்று. அன்றைக்குக் கை எழும்பவே இல்லை. எல்லாரும் வில்லும் அம்புமாக, வரிசையாக, குனிந்தபடி, மூச்சு விடாமல் நடந்தார்கள். வெயில் ஏறியது. ஒரு புதரின் அடியையும் விடவில்லை. ஒரு ஹிக்குரிகூட இல்லை. போன வருஷம் கால் வைக்க இடமில்லாமல் முளைத்துக் கிடந்த அதே இடம்!

ஹிக்குரி இல்லாமல் ஊர் திரும்பினால் ஹிக்குரி ஆட்டம் கிடையாது. ஆட்டம் இல்லையென்றால் மழையை யார் கூப்பிடுவது, சோளம் எதை நம்பி முளைப்பது? நாச்சோ வேறு லாரியில் சாய்ந்து நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "பெரியவரே, வெயில் சாயறதுக்குள்ள கிளம்பணும். நாளைக்குக் காலைல பன்னிக்குட்டி ஏத்தறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாரோ முடிச்சை விட்டிருக்கீங்க" என்றாள் இதீமா. "மரியாதையா வந்து சொல்லுங்க."

சுள்ளி பொறுக்கி நண்பகல் வெயிலில் தீ மூட்டினார்கள். எல்லாரும் மூளையைக் கசக்கினார்கள். கத்தரீனோ நெற்றியைத் தட்டிக்கொண்டு மூன்று பெயர் புதிதாகச் சொன்னான். அவன் பெண்டாட்டி ஒன்று சொன்னாள். இதீமா நெடுநேரம் யோசித்து, "எட்டாவதா ஒண்ணு இருக்கு. ஆனா நடுவுல அவங்க அம்மா வந்துட்டா. அது சேருமா, சேராதா?" என்று கேட்டாள். சேரும் என்று ஒரு கட்சி, சேராது என்று ஒரு கட்சி. எதற்கும் இருக்கட்டும் என்று அரை முடிச்சாகப் போட்டார்கள். நார் எரிந்தது. மறுபடியும் வரிசை, மறுபடியும் தேடல். மறுபடியும் ஒன்றுமில்லை.

தூதுபிகா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். பதினோரு ஜோடிச் செருப்பு அவர் முன்னால் நின்றது. எல்லாம் அவர் தைத்தது. இந்தக் கால்களெல்லாம் தன்னை நம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன, ஒரு கொட்டாவிக்குப் பயந்து தான் செய்த காரியத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் ஹிக்குரி கிடைக்கலாம். ஆனால் சன்னலோரம் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. மூன்று நாளாக இதீமாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கிறதே, அது போய்விடும். அவளுடைய மற்ற ஆண்களுக்கு முன்னால் தானும் ஒரு ஆளாக நின்ற மூன்று நாள். அது வெறும் ஆறு ஆரஞ்சு என்று எப்படிச் சொல்வது?

எழுந்து போய்த் தீயின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தாத்தா..." என்றார், முணுமுணுப்பாக.

"பலமா!" என்று கத்தினான் கத்தரீனோ. "தாத்தாவுக்குக் காது கேக்காதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

"தாத்தோவ்!" என்று அலறினார் தூதுபிகா. ஒரு கழுகு புதரிலிருந்து பதறிப் பறந்தது. "அந்த ரெண்டாவது முடிச்சு பொய்! ரொசெந்தாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! ஆறு ஆரஞ்சு வாங்கினேன், அவ்ளோதான்! ஒருத்தி கொட்டாவி விட்டா, எனக்கு ரோஷம் வந்துடுச்சு!"



பெயரை மறைத்தவர்களை அந்த ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். இல்லாத பெயரைச் சேர்த்தவரைப் பார்த்ததில்லை. எரிந்துபோன முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கத்தரீனோதான் முதலில் வாய் திறந்தான். ரொம்பக் கவலையாகத்தான் சொன்னான், பாவம்.

"ஒண்ணு செய்யலாம் மாமா. லாரி இருக்கு. நேரா சகாதெகாஸ் போய், அந்தம்மாகிட்ட பேசி, நிஜமாவே ஆக்கிட்டு வந்துட்டா?"

"பன்னிக்குட்டி ஏத்தணும்" என்றார் நாச்சோ.

யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். இதீமா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"ரொசெந்தா இல்ல?"

"இல்ல."

"எல்வீரா?"

"அவளும் இல்ல."

"அப்போ வேற யாரு?"

"வேற யாரும் இல்ல புள்ள."

"கல்யாணத்துக்கு முன்னால? திருவிழால? சோளக்காட்டுல? குடிச்சுட்டு?"

"இல்ல. நீதான்."

"நாப்பத்தோரு வருஷமா?"

"நாப்பத்தோரு வருஷமா நீதான். அதுக்கு முன்னால செருப்பு."

இதீமா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! அந்தப் பொம்பளகிட்டப் போய் உன்னப் பத்தி அரைமணி நேரம் பெருமையாப் பேசிட்டு வந்தேனேய்யா! 'ஞாபகம் இல்லயா, நல்லா யோசிச்சுப் பாரும்மா'ன்னு கையப் புடிச்சுக் கெஞ்சினேனே! அவ பாவம் பயந்துபோய், ரெண்டு ஆரஞ்சு சும்மாவே குடுத்து அனுப்பினா!"

அவ்வளவுதான். வரிசை உடைந்தது. ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள், பிறகு எல்லாரும் தரையில் விழுந்தார்கள். வில் ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். மூச்சு வாங்க முடியாமல் மண்ணைக் கையால் அடித்தார்கள். ஒன்றும் புரியாத நாச்சோவும் லாரிப் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்தரீனோ குப்புற விழுந்து, கன்னம் மண்ணில் அழுந்த, காலை உதைத்து உதைத்துச் சிரித்தான். திடீரென்று அவன் கால் நின்றது.

"மாமா" என்றான், உதட்டை அசைக்காமல். "என் மூக்குக்கு நேரா... புதருக்குக் கீழ..."

"அசையாதே!"

"ஒண்ணு இல்ல மாமா. அஞ்சு இருக்கு."

நிற்கிற மனிதன் கண்ணுக்குத் தட்டுப்படாத இடத்தில், புதர் வேரோடு ஒட்டி, மண்ணுக்கு விரல் நுனி அளவுதான் வெளியே தலை நீட்டிக்கொண்டு, ஐந்து ஹிக்குரி. காலையிலிருந்து பத்துத் தடவை தாண்டிப் போன புதர்தான்!

"அண்ணன் ஓடிடுவாரு, சீக்கிரம்" என்று கிசுகிசுத்தார்கள். தூதுபிகா வில்லும் அம்பும் எடுத்தார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கத்தரீனோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மாமா, மூக்கு மாமா, எனக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றான். முதல் அம்பு ஹிக்குரிக்கு ஒரு விரல் தள்ளி, அதன்மேல் கீறல் படாமல், மண்ணில் இறங்கியது. இரண்டாவது அதற்குக் குறுக்கே. அண்ணன் பிடிபட்டார். மூக்கும் பிழைத்தது.

அப்புறம் எல்லாரும் மண்டியிட்டு அழுதார்கள். அங்கே அப்படித்தான், சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் யாரும் முகம் கழுவப் போவதில்லை. தூதுபிகா புதுசாக ஒரு நார் கேட்டு வாங்கினார். இரண்டு முடிச்சுப் போட்டார். இரண்டாவதைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். ஒற்றை முடிச்சோடு நாரைத் தீயில் போட்டார். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லித்தரவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. பிறகு கத்தியால் மண்ணை விலக்கி, வேரை மறுபடி முளைக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஹிக்குரியின் தலையை மட்டும் அறுத்து வில்லை போட்டார்.

ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். வில்லையை நெற்றியில், இரண்டு கண்ணில், தொண்டையில், நெஞ்சில் தொட்டு, அவரே வாயில் வைத்தார். "கசக்கும். சிரிச்சுக்கிட்டே மெல்லு" என்று ஆளுக்கொரு தடவை சொன்னார். கத்தரீனோவின் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக இதீமா.

அவள் வரவில்லை. சற்றுத் தள்ளி, கல் ஓரமாக, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை நெற்றிக்குமேல் இழுத்து, மூக்குவரை இழுத்து, முகம் முழுக்க மூடிக்கொண்டிருந்தாள். ஊருக்கு முன்னால் எட்டுப் பெயரைக் கணீரென்று சொன்னவள்!

"அத்தே, உங்க முறை" என்றாள் கத்தரீனோவின் பெண்டாட்டி.

துணிக்குள் தலை மட்டும் ஆடியது. வரமாட்டேன் என்று.

"அழுவுறியா புள்ள?" என்றார் தூதுபிகா, பக்கத்தில் போய்.

"இல்ல."

"கோவமா? கோவப்படக் கூடாது."

"கோவம் இல்லய்யா." துணிக்குள்ளிருந்து வந்த குரல் அவர் இதுவரை கேட்டறியாத குரலாக இருந்தது. "எல்லாரும் பாக்கறாங்க. அங்கிட்டுப் போ."

"அடி ஆத்தா! அத்தைக்கு வெக்கம்!" என்று யாரோ கூவினார்கள். பாலைவனம் மறுபடியும் அதிர்ந்தது. துணி இன்னும் இறுகியது.

தூதுபிகா வில்லையை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பிறகு தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, சிவப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கினார்.

"மாமா, விரதம்! விரதம்!" என்று கத்தினான் கத்தரீனோ.

தூதுபிகா தன் தலையையும் அந்தத் துணிக்குள் நுழைத்துக்கொண்டார்.